பேஸ்மட்டம் எங்கே போனது? புறநகர் வீடுகள் பள்ளத்தில் போகும் கதை

ஐப்பசி பிறந்தால் போதும், சென்னையின் தெற்குப் பக்கத்து முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி, பள்ளிக்கரணை என்று அதே பெயர்கள் செய்தியில் வந்து நிற்கும். படகு, பால் பாக்கெட், சீட் வரை முங்கிய ஸ்கூட்டர். டிவியில் பார்ப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: "தண்ணி வரும்னு தெரிஞ்சே ஏன் அங்க போய் வீடு கட்டினாங்க?" அந்தத் தெருவில் குடியிருப்பவர்களின் கேள்வி வேறு. "முப்பது வருஷமா வராத தண்ணி இப்ப மட்டும் ஏன் வருது?"

இரண்டாவது கேள்விதான் சரியான கேள்வி. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்துக்குள் 49 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்கு எந்த வீடும் தப்பாது, அதை விட்டுவிடுவோம். ஆனால் சாதாரண 8, 10 செ.மீ. மழைக்கே ஹாலுக்குள் தண்ணீர் வருகிறதென்றால், மழையை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அங்கே உயரக் கணக்கு மாறியிருக்கிறது. அந்தக் கணக்கை அடியிலிருந்து பார்ப்போம்.

பேஸ்மட்டம்: எதிலிருந்து அளக்கிறோம்?

வானம் தோண்டி, கடக்கால் எழுப்பி, தரைக்கு மேல் இரண்டடி மூன்றடி சுவர் வைத்து, உள்ளே மண் கொட்டித் திம்ஸ் கட்டையால் இடித்து இறுக்கி, மேலே பெல்ட் கான்கிரீட் போடுகிறார்களே, அந்த உயரம்தான் பேஸ்மட்டம். இங்கிலீஷில் பேஸ்மென்ட் என்றால் தரைக்குக் கீழே உள்ள அறை. நம் மேஸ்திரிகள் அதைத் தூக்கித் தரைக்கு மேலே வைத்துவிட்டார்கள். நம் ஊர் மழைக்கு அதுதான் சரி.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு, பேஸ்மட்டம் சுற்றியுள்ள தரையைவிடக் குறைந்தது 45 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. சுமார் ஒன்றரை அடி. புறநகரில் யாரும் அதோடு நிறுத்துவதில்லை. இரண்டரை, மூன்றடி சாதாரணம், இப்போதெல்லாம் ஐந்தடி வரை போகிறார்கள்.

சிக்கல் "சுற்றியுள்ள தரை" என்ற சொல்லில் இருக்கிறது. வீடு கட்டிய அன்று சுற்றியிருந்த தரை எது? வாசலில் போன மண்ரோடு. அந்த ரோடு அதே உயரத்தில் இருக்கும் என்று நம்பித்தான் மேஸ்திரி மூலைக்கல்லில் குறி வைத்தார். எந்தக் காகிதத்திலும் அந்த உயரம் பதிவாகவில்லை. கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று அளந்து எழுதிவைத்திருந்தால், பிற்பாடு ரோடு ஏறியதா வீடு இறங்கியதா என்று வாதாடவே வேண்டியிருக்காது.

ரோடு எப்படி ஏறுகிறது

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். 1992-ல் கட்டிய வீடு. வாசலில் கிராவல் ரோடு. ரோட்டிலிருந்து பேஸ்மட்டம் 30 அங்குலம், ஏறிப்போக நாலு படி. அதன் பிறகு வழக்கமாக நடப்பது இது:

1. கிராவல் மேல் ஜல்லி பரப்பி, ரோலர் ஓட்டி, முதல் முறை தார் போடுகிறார்கள். 8 அங்குலம்.
2. குண்டும் குழியுமானதும் மேலே இன்னொரு தார். பழையதை எடுப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் 2 அங்குலம், மூன்று தடவைக்கு 6.
3. குடிநீர்க் குழாய்க்கோ பாதாளச் சாக்கடைக்கோ தோண்டி மூடிய பிறகு, "இனிமே பத்து வருஷம் கவலையில்லை" என்று சிமெண்ட் ரோடு. இன்னொரு 8.

மொத்தம் 22 அங்குலம். 30-ல் 22 போனால் மிச்சம் 8. நாலு படியில் மூன்று மண்ணுக்குள் போய்விட்டது. ஒரு நாளில் நடந்திருந்தால் தெருவே திரண்டு சண்டைக்குப் போயிருக்கும். இருபத்தைந்து வருஷத்தில் ஒவ்வொரு படியாகப் போனதால் யாரும் கவனிக்கவில்லை. அதைவிட, புது ரோடு போடுகிற அன்றைக்குத் தெருவில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். கவுன்சிலருக்குச் சால்வை போட்டவர்களும் இதே பள்ளத்து வீட்டுக்காரர்கள்தான்.

இதை வீட்டு வாசலில் நின்றே பார்க்கலாம். கேட்டின் அடிப்பக்கம் ஒரு முறையாவது வெட்டப்பட்டிருக்கும், ரோட்டில் இடித்துத் திறக்காமல் போனதால். காம்பவுண்டு சுவர் நெஞ்சு உயரத்திலிருந்து இடுப்பு உயரத்துக்கு வந்திருக்கும். முன்பு ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறிய சறுக்கு, இப்போது ரோட்டிலிருந்து வீட்டுக்குள் இறங்கும்.

இன்னொரு விஷயம். ரோட்டின் நடுப்பகுதி சற்று உயர்ந்து இரண்டு பக்கமும் சரிவாக இருக்கும். தண்ணீர் ஓரத்துக்கு வடிந்து கால்வாயில் விழ வேண்டும் என்பதற்கான அமைப்பு அது. ஓரத்தில் கால்வாயே இல்லாமல், அல்லது ரோடு ஏறிக் கால்வாயின் வாய் அடைபட்டுப் போனால், அந்தச் சரிவு தண்ணீரை நேராக இரு பக்கத்து வாசலுக்கும் ஊற்றும்.

நிலம் எப்படிப்பட்டது

சரி, ரோடு ஏறியது. தண்ணீர் ஏன் இந்தத் தெருவைத் தேடி வருகிறது?

சென்னையின் தெற்குப் புறநகர் ஏரிகளால் கோத்த நிலம். சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேரும். சதுப்புநிலத்திலிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், பிறகு கோவளம் பக்கம் கடலுக்கும் போக வேண்டும். தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் கதை வேறு. அந்த நீர் அடையாற்றில் சேருகிறது.

ஏரியில் நமக்குத் தேவையான சொற்கள் மூன்று. பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வழி மதகு. ஏரி நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் தானாக வழிந்து ஓடும் இடம் கலங்கல். மதகுத் தண்ணீரால் விளைந்த வயல்கள் ஆயக்கட்டு. ஆயக்கட்டு எப்போதும் ஏரியைவிடத் தாழ்ந்துதான் இருக்கும், இல்லாவிட்டால் மதகைத் திறந்ததும் தண்ணீர் எப்படிப் பாயும்? புறநகரில் மனைகளாகப் பிரித்து விற்ற நிலத்தில் ஒரு பெரும்பகுதி இந்த ஆயக்கட்டுதான். ஏரியை ஆக்கிரமித்துக் கட்டியவர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பட்டா நிலத்தை முறையாக வாங்கி, வங்கிக் கடன் போட்டு, வயல் இருந்த இடத்தில் கட்டியவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். ஆவணத்தில் ஒரு தப்பும் இருக்காது. ஆனால் வயலுக்குப் போன வாய்க்கால் இப்போது இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு சந்தாகவோ, யாரோ ஒருவரின் செப்டிக் டேங்காகவோ மாறியிருக்கும்.

மனைப்பிரிவுகளும் அப்படித்தான் போடப்பட்டன. ரோட்டு அகலமும் மனையின் அளவும் வரைபடத்தில் இருக்கும். எந்த ரோடு எந்தப் பக்கம் சரிய வேண்டும், கடைசித் தெருவின் தண்ணீர் எங்கே போகும் என்பது இருக்காது. அனுமதி பெறாத மனைப்பிரிவில் இதையெல்லாம் கேட்கவும் ஆள் கிடையாது. 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை போட்டது. 2017-ல் அவற்றை வரன்முறைப்படுத்த அரசு விதி கொண்டுவந்தது. வரன்முறை என்பது காகிதத்தைச் சரிசெய்யும். தரையின் சரிவை அது தொடாது.

மனை வாங்கப் போகிறவர்கள் செய்யக்கூடிய எளிய வேலை ஒன்று உண்டு. அரசின் இணையச் சேவையில் அந்தப் புல எண்ணுக்கான அ-பதிவேட்டை (நிலம் எந்த வகை என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) பாருங்கள். நஞ்சை என்றிருந்தால் அது நீர் பாய்ந்த நிலம். அத்தோடு நிற்காமல் பக்கத்துப் புல எண்களையும் பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால், தாங்கல் (சின்ன ஏரி) என்று ஏதாவது தட்டுப்பட்டால், அது எந்தப் பக்கம் ஓடியது என்று அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம்.

எவ்வளவு தண்ணீர்?

ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 223 சதுர மீட்டர். அதன் மேல் 10 செ.மீ. மழை பெய்தால் 22,300 லிட்டர். பக்கத்துக்கு 20 என்று 40 மனைகளும், நடுவே 30 அடி ரோடும் உள்ள ஒரு தெருவை எடுத்துக்கொண்டால், அந்தத் தெருவின் தலையில் விழும் தண்ணீர் மட்டுமே சுமார் 11 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் அள்ளினால் 90 நடைக்கு மேல். பக்கத்துத் தெருவின் தண்ணீரோ, கலங்கல் வழிந்து வருவதோ இதில் சேரவில்லை.

1992-ல் அந்த 40 மனையில் ஆறு வீடுகள் இருந்திருக்கும். மீதி 34-ம் மண். மழையில் ஒரு பங்கை மண் குடித்தது, மிச்சம் அங்கேயே தேங்கித் தவளை கத்தியது. இன்று மனை முழுக்க சிமெண்ட், மிஞ்சிய மூன்றடி இடத்திலும் டைல்ஸ். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டாயமாக்கினார்கள். பல வீடுகளில் மாடிக் குழாய் இன்னமும் ரோட்டைப் பார்த்துத்தான் வளைந்திருக்கிறது.

உயரப் போட்டி

எனக்கு இந்த விஷயத்திலேயே முக்கியமாகப் படுவது இதுதான். புறநகர்த் தெருவில் ஒரு வீடு எந்த வருஷம் கட்டியது என்பதை அதன் பேஸ்மட்டத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். முதலில் வந்த வீடு தாழ்ந்திருக்கும், கடைசியாக வந்தது எல்லாவற்றையும்விட உயரமாக இருக்கும். கடைசியாகக் கட்டுபவர் செய்வதில் தப்பில்லை. ரோடு இன்னும் ஏறும் என்று அவருக்குத் தெரியும், முன்ஜாக்கிரதையாக ஐந்தடிக்கு ரப்பிஷ் கொட்டி மேடாக்குகிறார்.

ஆனால் அவர் மேடாக்கிய மனை நேற்று வரை தெருவின் குளம். சுற்றியிருந்த வீடுகளின் தண்ணீர் அங்கேதான் நின்றது. இப்போது அது நிற்க இடமில்லை. அடுத்த தாழ்வான இடத்தைத் தேடிப் போகும். அந்த இடம், தெருவில் முதன்முதலாகக் கட்டிய வீடு. பிராவிடண்ட் ஃபண்டைப் போட்டுக் கட்டி, இன்று எழுபது வயதில் தனியாக இருக்கும் தம்பதி அங்கே இருப்பார்கள். தெருவில் கடைசிக் காலி மனையும் வீடாகிற வருஷம்தான் "இதுவரைக்கும் வராத தண்ணி" உள்ளே வருகிற வருஷம்.

அப்புறம் கார். உயர்ந்த வீட்டுக்குக் கார் ஏற வேண்டுமென்றால் நீளமான சறுக்கு வேண்டும். வீட்டுக்குள் இடமில்லாததால் அது ரோட்டில் மூன்றடி, நாலடி நீட்டிக்கொண்டு நிற்கும். பத்து வீட்டுச் சறுக்குகள் ஓரத்தை அடைத்துவிட்டால் கால்வாய் இருந்தும் இல்லாததுபோலத்தான்.

பள்ளமான வீட்டுக்குள் என்ன நடக்கிறது

வாசல் வழியாகத் தண்ணீர் வருவது கடைசியில்தான். அதற்கு முன்பே வேறு வழிகள் திறந்துவிடும்.

1. கழிவறை. ரோட்டிலுள்ள மேன்ஹோல் மூடியின் மட்டம் வீட்டுக் கழிவறையைவிட உயரமாகிவிட்டால், சாக்கடை நிரம்பும்போது முதலில் பொங்குவது உங்கள் வீட்டுக்குள்தான். ரோட்டில் தண்ணீரே தெரியாது, பாத்ரூம் ஜல்லடையில் கறுப்புத் தண்ணீர் கொப்பளிக்கும்.
2. சம்ப், அதாவது தரைக்குக் கீழுள்ள தண்ணீர்த்தொட்டி. மூடி தரைமட்டத்தில் இருந்தால், அரையடித் தண்ணீர் நின்றாலே குடிநீரும் சாக்கடையும் ஒன்றாகிவிடும். மழை விட்ட மறுநாள் மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றிவிட்ட பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது.
3. செப்டிக் டேங்க். நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் கழிவுநீர் மண்ணில் இறங்காது. லாரி வைத்து இறைத்தாலும் இரண்டு நாளில் நிரம்பும்.
4. சுவர். வருஷம் முழுக்க ஈரத்தோடு ஒட்டிய செங்கல் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். ஓதம் ஏறி, உப்பு பூத்து, மூன்றடி உயரத்துக்குப் பெயிண்ட் செதில் செதிலாக உரியும். வெள்ளம் வராத வருஷத்திலும் இது நடக்கும்.
5. மின்சாரம். பழைய வீடுகளில் பிளக் பாயிண்டுகள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும். உயிரை வாங்குவது இதுதான் என்பதால், மற்ற எதற்கும் செலவு செய்ய முடியாவிட்டாலும் கீழ்த்தள பிளக்குகளை மட்டும் இடுப்புக்கு மேலே மாற்றிவிடுவது நல்லது.

என்ன செய்கிறார்கள்

சின்ன வைத்தியங்களில் தொடங்கலாம். கழிவுநீர்க் குழாயில் ஒருவழி வால்வு, சம்ப் வாயைச் சுற்றி இரண்டடிக்குச் சுவர், கேட் தூண்களில் காடி வெட்டிப் பலகை சொருகுவது. முழங்காலுக்குக் கீழான தண்ணீருக்கு இவை போதும். அதற்கு மேல் தண்ணீரை வெளியே நிறுத்திவைக்க நினைப்பது ஆபத்து. வெளியே மூன்றடி, உள்ளே வெறும் தரை என்றால் அந்தப் பாரம் காம்பவுண்டு சுவரைத் தள்ளும், கீழிருந்து டைல்ஸ் இடுக்கு வழியாகவும் தண்ணீர் கசிந்து வரும்.

அடுத்தது, உள்ளே மண் கொட்டித் தரையை உயர்த்துவது. 1,000 சதுர அடி வீட்டை இரண்டடி உயர்த்த 2,000 கன அடி மண், அதாவது 20 யூனிட். பத்தடி உயர அறை எட்டடியாகிவிடும், ஃபேன் தலைக்குச் சற்று மேலேயே சுற்றும். கதவு, ஜன்னல், லிண்டல் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஓதம் அப்படியேதான் இருக்கும்.

மூன்றாவது, செய்தியில் படம் போடுகிறார்களே, ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குவது. சென்னையில் இந்த வேலையை எடுத்துச் செய்பவர்களில் பலர் ஹரியானாவிலிருந்து வந்த குழுக்கள். உள்தரையைப் பெயர்த்து, சுவர்களின் இரு பக்கமும் தோண்டி, பெல்ட்டுக்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கல்லை உருவி, அந்த இடத்தில் இரும்புச் சேனலும் திருகு ஜாக்கியும் வைப்பார்கள். ஒரு வீட்டுக்கு நூற்றுக்கணக்கில் ஜாக்கி போகும். ஒருவர் குரல் கொடுக்க, எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திருகுவார்கள். வேண்டிய உயரம் வந்ததும் இடைவெளியில் சுவர் எழுப்பி, ஜாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தக் குழிகளில் கான்கிரீட் இடுவார்கள்.

இது ஏமாற்று வேலை அல்ல, நடக்கிற வேலைதான். ஆனால் மூன்று விஷயங்களைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. சுமைதாங்கிச் சுவர்களால் நிற்கும் வீட்டுக்குப் பொருந்துகிற முறை, தூண் வைத்துக் கட்டிய வீட்டுக்கு அப்படியே பொருந்தாது. கட்டமைப்புப் பொறியாளர் பார்த்தாக வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லும் விலையில் தூக்குவது மட்டும்தான் அடங்கும். தரை, டைல்ஸ், குழாய், வயரிங், படி, செப்டிக் இணைப்பு எல்லாம் தனி. வீடு ஏறினாலும் சம்ப் பழைய பள்ளத்திலேயேதான் இருக்கும்.

நீங்கள் தூக்கினால் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. அவர்களும் தூக்குவார்கள்.

மில்லிங்: மலிவான தீர்வு, ஆனால் நடக்க வேண்டும்

இந்தப் போட்டிக்கு முடிவு ரோட்டில்தான் இருக்கிறது. புதுத் தார் போடுமுன் பழைய மேல்பரப்பை இயந்திரத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, எடுத்த கனத்துக்கு மட்டும் போடுவதுதான் மில்லிங். 2021-ல் அப்போதைய தலைமைச் செயலர் வெ. இறையன்பு, ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு வீடுகளைத் தாழ்த்தக் கூடாது என்று அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். பெரிய சாலைகளில் இது பரவலாக நடக்கிறது. உட்தெருக்களில் நிலைமை சீராக இல்லை. பெரிய இயந்திரம் குறுகலான தெருவில் திரும்பாது, மேன்ஹோல் மூடிகளைச் சுற்றிக் கையால் உடைக்க வேண்டும், ஒப்பந்ததாரருக்குச் செலவும் நேரமும் கூடுதல். சிமெண்ட் ரோடு என்றால் தார் ரோடு போலச் சுலபமாகச் சுரண்ட முடியாது, பெரும்பாலும் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். தாழ்வான தெருவில் சிமெண்ட் ரோடு கேட்டு மனு கொடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சியானது. அதில் ஒரு நன்மை இருக்கிறது. அதுவரை ஓர் ஊரின் மழைநீர் வடிகால் எல்லைக்கல்லோடு நின்றுவிடும், மிச்சம் அடுத்த பேரூராட்சியின் தலைவலி. இப்போது சிட்லபாக்கமும் செம்பாக்கமும் ஒரே அலுவலகம். தண்ணீர் போகிற வழியிலேயே வடிகாலும் போக வேண்டும் என்று கேட்க ஓர் இடமாவது இருக்கிறது.

தெருக்காரர்கள் தாங்களே செய்யக்கூடியது டியூப் லெவல் பார்ப்பது. நாற்பது அடிக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டியூப், உள்ளே காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர், அவ்வளவுதான் கருவி. ஒருவர் ரோட்டின் நடுவில் நட்ட குச்சியருகே ஒரு முனையைப் பிடிக்க, இன்னொருவர் வீட்டு வாசற்படியில் மறு முனையைப் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து ரோட்டுக்கு எத்தனை அங்குலம், படிக்கு எத்தனை அங்குலம் என்று டேப்பால் அளந்து கழித்தால் வித்தியாசம் வந்துவிடும். தெருவிலுள்ள எல்லா வீட்டுக்கும் இதைச் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். இன்றைய ரோட்டு மட்டத்தை மின்கம்பத்திலும் நாலைந்து காம்பவுண்டு சுவர்களிலும் பெயிண்டால் கோடு போட்டு, தேதி எழுதி, போட்டோ எடுத்துவையுங்கள். அளவுகளை ஒரு தாளில் எழுதி, ரோட்டுக்கு டெண்டர் விடும் முன்பே வார்டு பொறியாளரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஜல்லி லாரி வந்து நின்ற பிறகு போனால், "இந்தத் தடவை இப்படிப் போட்டுடுவோம், அடுத்த தடவை பார்க்கலாம்" என்பார்கள்.